சீட்டில்லா உழைப்பு சேட்டுக்கு முதல்!

சென்ற தீபாவளி கழிந்த இரண்டாம் வாரம் நமது சங்க அலுவலகத்துக்கு ஓர் அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, முப்பது ஆண்டுகளாகத் தாராவியில் தோல் பை தைத்துப் பிழைப்பவர். மாடிப் பட்டறை, மூன்று இயந்திரம், நான்கு ஆள். தீபாவளிப் பரிசாகக் கொடுப்பதற்கென்று ஒரு கம்பெனிக்கு 400 பை தைத்துக் கொடுத்திருந்தார். தோல் அவர்களுடையது. ஜிப், நூல், பசை, உழைப்பு எல்லாம் அண்ணாச்சியுடையது. பை ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் 60,000 ரூபாய் வரவேண்டும். தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பே மால் போய்ச் சேர்ந்துவிட்டது. பணம்தான் வரவில்லை. கேட்கப் போன இடத்தில், "எங்களுக்கு வந்தது 310 பைதான்" என்று சொல்லிவிட்டார்கள்.

"சலான் இருக்கிறதா அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் பென்சிலால் ஐந்தைந்து கோடாகப் போட்டு எண்ணிக்கை குறித்திருந்தார். கூட்டினோம். 400 சரியாக இருந்தது. ஆனால் அந்த அட்டையில் கம்பெனியின் பெயர் இல்லை, தேதி இல்லை, வாங்கியவர் கையெழுத்து இல்லை.

"பில் போட்டீர்களா?"

"பழகின இடம் தம்பி. பில்லு கில்லுன்னு போனா தப்பா நினைப்பாங்க."

சங்கத்திலிருந்து இரண்டு பேர் கூடவே போய்ப் பேசினோம். பொங்கலுக்கு முதல் நாள் 310 பைக்கு உரிய 46,500 ரூபாய் வந்தது. மீதி 90 பை, அதாவது 13,500 ரூபாய், போனது போனதுதான். ஜிப்பு வாங்கவும் ஆட்களுக்குக் கூலி கொடுக்கவும் அண்ணாச்சி 25,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தார். மாதம் 750 வீதம் ஐந்து மாதத்துக்கு வட்டி 3,750. இரண்டையும் கூட்டினால் 17,250 ரூபாய். அறுபதாயிரம் ரூபாய் உழைப்பில் கால் பங்குக்கு மேல் ஒரு துண்டுத் தாள் இல்லாத குற்றத்துக்காகப் பறிபோனது.

இது ஓர் அண்ணாச்சியின் கதையா? இல்லை. தைப்பவர், பித்தளை வார்ப்பவர், பெயர்ப்பலகை எழுதுபவர், கேண்டீனுக்கு மாதக் கணக்கில் இட்லி கொடுக்கும் அக்கா, வீட்டில் கணினி வைத்து விளம்பரம் வடிவமைத்துக் கொடுக்கும் நம் பிள்ளைகள், எல்லோருடைய கதையும் இதுதான். எனவே இந்த மாதம் பெரிய அரசியலை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு சிறிய தாளைப் பற்றி எழுதுகிறோம். சிறிய தாள்தான்; ஆனால் அதற்குள் இருப்பது பெரிய அரசியல்.

கூலிச் சீட்டு போய்ச் சிகரெட் அட்டை வந்த கதை

பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை பார்த்த நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. கையில் கூலிச் சீட்டு இருந்தது. இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி, இவ்வளவு பிடித்தம் என்று தாளில் வந்தது. அது முதலாளி மனம் இரங்கிக் கொடுத்தது அல்ல. போராடிப் பெற்றது.

1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அதன் பிறகு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலை அழிந்துவிடவில்லை, ஆலையிலிருந்து இறங்கிச் சந்துக்குள் வந்தது. தொழிலாளி 'காரிகர்' ஆனான், 'ஜாப் வேலை' செய்பவன் ஆனான், 'சொந்தத் தொழில்' செய்பவன் ஆனான். பட்டம் உயர்ந்தது. கையிலிருந்த சீட்டு மட்டும் காணாமற்போயிற்று.

ஆலைத் தொழிலாளிக்குச் சீட்டு எழுதித் தர ஒரு குமாஸ்தா இருந்தார். சொந்தத் தொழில் செய்பவனுக்கு அவனேதான் குமாஸ்தா. அவன் எழுதாவிட்டால் அவன் உழைப்புக்குச் சாட்சியே இல்லை. பில் என்பது வியாபாரிகளின் பகட்டு அல்ல தோழர்களே! சொந்தத் தொழிலாளியின் கூலிச் சீட்டு அது. அதை எழுதாமல் விடுவது, நம் உழைப்பை வட்டியில்லாத முதலாகச் சேட்டின் பெட்டியில் கொண்டுபோய்ப் போடுவது.

சேட்டு என்று நாம் சொல்வது ஒரு மொழிக்காரரை அல்ல. மால் வாங்கிக்கொண்டு பணத்தை நிறுத்தி வைப்பவர் எவரோ அவர் சேட்டு. அவர்களில் நல்ல தமிழ் பேசுவோரும் உண்டு. சங்க விழாவில் முன்வரிசையில் உட்காருவோரும் உண்டு.

ஏன் எழுதுவதில்லை?

மூன்று காரணம் சொல்லப்படுகிறது.

முதலாவது, பழக்கம். "கணக்கைப் பார்த்தால் பிணக்கு வரும்" என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று சொன்னவர்களும் நம் முன்னோர்தாமே! அந்தக் கம்பெனி நம் அண்ணாச்சிக்கு அனுப்பிய தோலுக்குச் சலான் வைத்திருக்கிறது. ஒரு தோல் குறைந்திருந்தால் கூலியில் பிடித்திருக்கும். அவர்கள் எழுதினால் அது ஒழுங்கு, நாம் எழுதினால் அவநம்பிக்கையா?

இரண்டாவது, வரி பற்றிய பயம். பில் போட்டால் ஜி.எஸ்.டி. வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று பாதிப்பேர் நம்புகிறார்கள். உண்மை என்ன? மகாராஷ்டிரத்தில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சேவை செய்பவருக்கு அது 20 லட்சம். அடுத்தவர் கொடுத்த தோலையோ துணியையோ தைத்துக் கொடுப்பது சட்டத்தின் கண்ணில் சேவை. சொந்தத் தோலில் பை செய்து விற்றால் அது பொருள். நம்மில் பலர் இந்த எல்லைகளுக்கு வெகு தூரம் கீழே இருக்கிறோம். ஆனால் பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் பொதுவாக இந்த விலக்கு கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வருமான வரியிலும், 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை தொழில் வருமானம் உள்ளவர் கட்ட வேண்டிய வரி ஒன்றும் இல்லை. வருமானம் என்பது செலவு போக மிஞ்சுவது. பில் தொகை முழுவதும் அல்ல. இல்லாத வரிக்குப் பயந்து இருக்கும் கூலியை இழக்கிறோம்.

மூன்றாவது காரணம்தான் உண்மையான காரணம். "பில் கேட்டால் அடுத்த வேலை வராது." இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. வயிற்றில் இருக்கும் பயத்தை வாய்ப்பேச்சால் போக்க முடியாது. இதற்கு விடை தனி ஆளிடம் இல்லை, சங்கத்திடம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

சட்டம் எந்தப் பக்கம்?

வாயால் பேசிய ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஆனால் நிரூபிக்க வேண்டியவன் பணம் கேட்பவன். நம் கணக்கு நோட்டில் நாமே எழுதி வைத்தது மட்டும் மற்றவர்மேல் பொறுப்பைச் சுமத்தப் போதாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் விதி. அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த விதி அப்படியே இருக்கிறது. ஆகவேதான் வாங்கியவர் கையெழுத்து இல்லாத சிகரெட் அட்டை தோற்றது.

சிறு தொழில் செய்பவரின் பணத்தை இழுத்தடிப்பது தவறு என்று 1993இலேயே ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் வந்ததுதான் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். அது சொல்வது இது: எழுத்தில் தவணை பேசியிருந்தால் அந்தத் தேதிக்குள் பணம் தர வேண்டும், அந்தத் தவணையும் 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் ஒன்றும் பேசவில்லை என்றால் 15 நாளுக்குள் தர வேண்டும். சரக்கில் குறை என்றால் வாங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து "தையல் சரியில்லை" என்று பல்லவி பாட முடியாது.

கெடு தாண்டினால் வட்டி உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு. அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி வீதம் நூற்றுக்கு 6 என்று வைத்துக்கொண்டால் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 18. அண்ணாச்சியின் 60,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டியே 900 ரூபாய்! தராதவர்மேல் மாநில அரசு அமைத்திருக்கும் வசதிக் குழுவிடம் மனுப் போடலாம். குழு நமக்குச் சாதகமாகத் தீர்த்து, அதை எதிர்த்து வாங்குபவர் கோர்ட்டுக்குப் போவதானால், தீர்ப்புத் தொகையில் நூற்றுக்கு 75 கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

இதற்கெல்லாம் வாசல் உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் கொண்டு அரசு இணையதளத்தில் செய்யலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் ஏஜெண்டை வாசலோடு அனுப்புங்கள். மால் கொடுத்து, தகராறு வந்த பிறகு பதிவு செய்வது வம்பு. முன்னமே செய்து வைப்பதே பாதுகாப்பு. வாங்கி விற்கும் வியாபாரிகள் பதிவு செய்யலாம் என்றாலும் இந்தத் தாமத வட்டி உரிமை உற்பத்தியும் சேவையும் செய்வோருக்கே உரியது.

2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு பிடியையும் கொண்டுவந்தது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை செய்வோருக்கும் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையைச் செலவு என்று அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது; பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். இது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உடனே என்ன நடந்தது? உத்யம் பதிவு உள்ளவரிடம் வாங்கவே சில கம்பெனிகள் தயங்குகின்றன என்ற புகார் எழுந்தது. சட்டம் நம் பக்கம் ஓர் அடி வந்தால் பணப்பெட்டி ஓர் அடி விலகிப் போகும். சட்டத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பதற்கு இது சாட்சி.

எழுதும் முறை

படிப்புப் போதாது என்று தயங்க வேண்டாம். அச்சிட்ட பில் புத்தகமும் கார்பன் தாளும் போதும். தமிழில் எழுதினாலும் பில் பில்தான். வாங்குபவர் படிக்கும்படி இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் தகராறு குறையும்.

மேலே நம் பெயர், பட்டறை முகவரி, உத்யம் எண். பில்லுக்கு வரிசை எண். 1, 2, 3 என்று விடுபடாமல் போக வேண்டும். தேதி. வாங்குபவரின் பெயர்: "மேனேஜர் பாய்" என்றோ "பெரிய கம்பெனி" என்றோ எழுதாதீர்கள். அந்தக் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணில் என்ன பெயர் இருக்கிறதோ அதை முகவரியோடு எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை, வீதம் என்ன, மொத்தம் என்ன என்பதை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதுங்கள். எந்தச் சலானில் மால் போயிற்று என்ற எண். பணம் தர வேண்டிய தேதி. வங்கிக் கணக்கு எண். கடைசியில் நம் கையெழுத்து.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் பில்லில் வரி என்று ஒரு ரூபாயும் போடக்கூடாது, அது குற்றம். பதிவு உள்ளவர் தம் எண்ணையும் பொருளின் குறியீட்டு எண்ணையும் வரியையும் தனித்தனியே காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மால் இறக்கும்போதே சலான் நகலில் வாங்குபவரின் கையெழுத்தும் முத்திரையும் பெறுவது. கையெழுத்துப் போட மறுத்தால் அங்கேயே நின்று எண்ணிக்கையை வாட்சப்பில் அனுப்பி "வந்தது" என்ற பதிலை வாங்குங்கள். ஆர்டர் வந்த செய்தியை அழிக்காதீர்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கிக் கொடுக்கும் ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும். பாக்கி நின்றால் வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலம். அதற்குள் "இவ்வளவு தரவேண்டியது உண்மை" என்று எழுத்தில் கையெழுத்தோடு வாங்கினால் அந்த நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும்.

பில் புத்தகத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து சந்துக்குச் சந்து கேட்கும் சொல் 'தாள்' என்பதே. பட்டறை எத்தனை காலமாக ஓடுகிறது என்பதற்கு மின்கட்டண ரசீது, குமாஸ்தா லைசென்ஸ் ஆகியவற்றோடு வரிசை எண் தவறாத பில் புத்தகமும் பக்கத்தில் நின்று பேசும். அது ஒன்றே போதும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நாற்பது ஆண்டு உழைத்த இடத்தில் நாற்பது தாள்கூட இல்லாமல் நிற்பவனை எந்த அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார்?

யார் பெயரில்?

வீட்டுப் பெண்கள் மணி கோக்கிறார்கள், அப்பளம் இடுகிறார்கள், ரவிக்கை தைக்கிறார்கள். பில் என்று ஒன்று இருந்தால் அது கணவர் பெயரில் இருக்கிறது. பணமும் அங்கேயே போகிறது. உழைத்தவள் பெயரில் பில் எழுதுங்கள், உழைத்தவள் கணக்கில் பணம் வரட்டும். இதைச் சொல்லாமல் உழைப்பாளர் உரிமை பேசினால் அது பாதி உரிமைதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் அண்ணாச்சியிடம் நான்கு பேர் வேலை செய்கிறார்கள் அல்லவா? அவர்கள் கையில் சீட்டு இருக்கிறதா என்று கேட்டோம். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். கூலிச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கூலிச் சீட்டு கொடு என்று அது சொல்கிறது. மேலே இருப்பவனிடம் பில்லுக்குக் கையெழுத்துக் கேட்கும் நாம், கீழே இருப்பவனுக்குச் சீட்டு எழுதாமல் இருந்தால் நாமும் சேட்டுதான். சிறிய சேட்டு, அவ்வளவே.

தனி ஆள் கேட்டால் தகராறு, தெருவே கேட்டால் வழக்கம்

இனி, அந்த மூன்றாவது பயத்துக்கு வருவோம். ஒருவர் மட்டும் பில் கேட்டால் வேலை அடுத்த பட்டறைக்குப் போகும். உண்மை. அடுத்த பட்டறையும் பில் கேட்டால்? அதற்கு அடுத்ததும் கேட்டால்? தீபாவளிக்கு 400 பை வேண்டியவர் எங்கே போவார்?

1972இல் அகமதாபாத்தில் இலா பட் சுயதொழில் பெண்களைத் திரட்டிச் 'சேவா' அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, "உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?" என்று தொழிலாளர் துறை தயங்கியது. சங்கம் என்பது ஒருவரை எதிர்க்க மட்டும் அல்ல, உழைப்பவர் ஒன்றாக நிற்கவும்தான் என்று வாதாடி அவர்கள் பதிவு பெற்றார்கள். கந்தல் பொறுக்கியவரும் தலையில் கூடை சுமந்தவரும் செய்த காரியம் இது. நம்மால் முடியாதா?

ஆகவே நாம் சங்கத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம். சங்கப் பெயரோடு பொது மாதிரியில் பில் புத்தகமும் சலான் புத்தகமும் அச்சிட்டு அடக்க விலைக்குக் கொடுக்க வேண்டும். ஞாயிறுதோறும் படித்த பிள்ளைகள் நான்கு பேர் அலுவலகத்தில் உட்கார்ந்து உத்யம் பதிவும் பில்லும் எழுதிக் கொடுக்க வேண்டும். பாக்கி இழுத்தடிப்போருக்குச் சங்கத்தின் பெயரால் கடிதம் போக வேண்டும். கடிதத்துக்கு மசியாதவர்மேல் வசதிக் குழுவில் மனுப் போடத் துணை நிற்க வேண்டும். வருகிற தீபாவளி ஆர்டர் வருவதற்கு முன், ஒரே தொழில் செய்யும் பட்டறைக்காரர்கள் ஒரே இடத்தில் கூடி, கையெழுத்து இல்லாமல் மால் இறங்காது என்று தீர்மானம் போட வேண்டும். புத்தகத்தில் சங்கத்தின் பெயர் இருந்தால், "எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை உண்டு சேட்டு, இது சங்கக் கட்டுப்பாடு" என்று சொல்ல நம் ஆளுக்கும் ஒரு வழி கிடைக்கும்.

இதற்குச் செலவு அதிகம் இல்லை. கூச்சத்தை விட வேண்டும், அவ்வளவுதான். மூட்டை முடிச்சோடு தாதரில் இறங்கிய நாளில் நம்மிடம் இருந்ததும் இந்தக் கைகள்தாம். இன்றும் இருப்பதும் இந்தக் கைகள்தாம். தைக்கத் தெரிந்த கைக்கு எழுதத் தெரியாதா?

அண்ணாச்சி தை மாதத்தில் ஒரு பில் புத்தகம் வாங்கினார். சென்ற வாரம் அலுவலகத்துக்கு வந்து பிரித்துக் காட்டினார். ஏழாம் எண் வரை எழுதியிருந்தார். ஏழிலும் கையெழுத்து இருந்தது. ஆறுக்குப் பணம் வந்துவிட்டது. ஏழாவதுக்கு இன்னும் கெடு இருக்கிறது.

எழுதுங்கள் தோழர்களே! கையெழுத்து வாங்குங்கள்! கணக்குக் கேளுங்கள்!